ஆளுக்கொரு ஆலோசனை: மீன் தொட்டி தொடங்குபவர் எதை எடுப்பது, எதை விடுவது?

"புதுத் தொட்டி, இரண்டு கப்பி செத்துப்போச்சு, என்ன செய்ய?" என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் பத்து நிமிடத்தில் ஐந்து பதில் வந்துவிடும். முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள் என்பார் ஒருவர். தண்ணீரில் கையே வைக்காதீர்கள் என்பார் அடுத்தவர். "ஒரு பிடி உப்புப் போடுங்க தம்பி, எல்லாம் சரியாகும்" என்று ஒரு குரல் பதிவு வரும். உப்பு மீனைக் கொல்லும் என்று அதற்குக் கீழேயே ஒருவர் எழுதுவார். ஐந்தாமவர் நீல மருந்துப் போத்தலின் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இந்த ஐந்து பேரும் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுத் தண்ணீரில், தன் தொட்டியில், தன் மீனுக்குச் சரிவந்ததைச் சொல்கிறார். தொடங்குபவர் செய்யும் பிழை, ஐந்தையும் ஒரே நாளில் செய்து பார்ப்பதுதான். கீழே உள்ளவை மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தண்ணீரை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் வேலை: உங்கள் தொட்டிக்கு ஒரு அட்டை

எந்த ஆலோசனையையும் கேட்பதற்கு முன் ஒரு சிறிய அட்டையில் ஆறு விடயங்களை எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள்: உண்மையான கொள்ளளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டி.டி.எஸ் (லீற்றரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு), பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்ற அளவு), காலை மற்றும் பிற்பகல் வெப்பநிலை, தொட்டி தொடங்கிய திகதி. மீன்களின் பெயரும் எண்ணிக்கையும் அட்டையின் பின்பக்கத்தில்.

கொள்ளளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டடித் தொட்டி என்றால் 65 லீற்றர் என்று கடையில் சொல்வார்கள். உள்ளளவு 60 × 30 × 36 சென்ரிமீற்றர் என்றால் கணக்கு 64.8 லீற்றர்தான். ஆனால் அடியில் 4 சென்ரிமீற்றர் மணலும் மேலே 4 சென்ரிமீற்றர் இடைவெளியும் போனால் தண்ணீரின் உயரம் 28. அப்போது 60 × 30 × 28 ÷ 1000, அதாவது ஏறத்தாழ 50 லீற்றர். 65 லீற்றருக்கு மருந்து ஊற்றினால் 30 வீதம் கூடுதலாக ஊற்றுகிறீர்கள். "கலனுக்கு ஒரு தேக்கரண்டி" என்று யூடியூப்பில் சொன்னால் எந்தக் கலன் என்று பாருங்கள். அமெரிக்கக் கலன் 3.8 லீற்றர், நம்மிடம் பழக்கத்தில் இருந்த பிரித்தானியக் கலன் 4.5 லீற்றர். எதைக் கேட்டாலும் லீற்றருக்கும் கிராமுக்கும் மாற்றி எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

தண்ணீரின் மூலம் அடுத்தது. மட்டக்களப்பு நகர்ப்பக்கக் குழாய்நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வருவது. குளத்து நீர் என்பதால் பொதுவாகக் கடினத்தன்மை குறைவு. ஆனால் குளோரின் உண்டு. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறுகளின் கதை வேறு. அடுத்தடுத்த இரண்டு வளவுகளில்கூட ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் மற்றது உவராகவும் இருக்கும். ஆகவே "எங்கட ஊர்த் தண்ணிக்கு இது சரி" என்ற பேச்சை அப்படியே எடுக்க முடியாது. டி.டி.எஸ் மீற்றர் விலை குறைந்த கருவி. உங்கள் கிணற்றில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டும் சொல்லும், மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவைச் சொல்லாது. "டி.டி.எஸ் 200தான், தண்ணி நல்ல சுத்தம்" என்று யாராவது சொன்னால், மீனைக் கொல்லும் அளவு அமோனியா அந்த 200க்குள்ளேயே ஒளிந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, அதே கிணறு ஆண்டு முழுவதும் ஒரே கிணறாக இருப்பதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நீர்மட்டம் இறங்க, உப்பு ஏறும். வடகீழ்ப் பருவமழை கொட்டியபின் இறங்கும். ஆவணியில் ஒருவர் தந்த ஆலோசனை மார்கழியில் அவருடைய தொட்டிக்கே பொருந்தாமல் போகலாம்.

சொல்பவர் எதற்காக மீன் வளர்க்கிறார்?

ஆலோசனையை எடைபோட இதைவிட நல்ல கேள்வி இல்லை. கடைக்காரரின் வேலை மீனை விற்கும்வரை சில நாட்கள் உயிரோடு வைத்திருப்பது. அதனால் அவர் தொட்டியில் உப்பும் நீல மருந்தும் எப்போதும் இருக்கும். அவருக்கு அது சரி. கப்பி இனப்பெருக்கம் செய்பவரின் தொட்டியில் மணல் இல்லை, செடி இல்லை, குஞ்சுக்கு நாலைந்து நேரம் தீனி போடுவார், ஆகவே நாள்தோறும் பாதித் தண்ணீரை எடுத்தே ஆக வேண்டும். செடித்தொட்டிக்காரர் அடர்த்தியாகச் செடி நட்டு, பத்துச் சிறு மீன் மட்டும் விட்டிருப்பார். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைச் செடிகள் குடித்துவிடுவதால் மாதக்கணக்கில் தண்ணீரை மாற்றாமலும் அவர் தப்பிவிடுவார். குளிர்நாட்டு வீடியோக்காரர் ஹீட்டர் இல்லாமல் மீன் வளர்க்காதே என்பார். நம் வீட்டுத் தண்ணீர் சும்மாவே 27 முதல் 30 பாகை செல்சியஸில் கிடக்கும். நமக்கு வரும் பிரச்சினை நேர்மாறானது. 20 பாகையில் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் 7.5தான். அதனால் "பில்டர் இருந்தால் எயர் பம்ப் வேண்டாம்" என்ற அவர்களின் வார்த்தை இங்கே மீன் நிறைந்த தொட்டிக்குச் சரிவராது.

இதோடு ஒரு சின்னக் கவனிப்பு: நல்ல ஆலோசகர் பதில் சொல்வதற்கு முன் உங்களைக் கேள்வி கேட்பார். எத்தனை லீற்றர், எப்போது தொடங்கியது, அமோனியா எவ்வளவு என்று. ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்பவரின் பேச்சை, எத்தனை வருட அனுபவம் என்றாலும், கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சண்டை 1: தண்ணீர் மாற்றுவதா, விடுவதா?

இதை வாதாடித் தீர்க்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே தீர்க்கலாம்.

மீனின் கழிவு அமோனியாவாகிறது; பில்டரிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் நஞ்சு. பழகிய தொட்டியில் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் தொட்டியில் கிழமைக்கு 10 பி.பி.எம். (லீற்றருக்கு 10 மில்லிகிராம்) நைட்ரேட் ஏறுகிறது என்று வையுங்கள். கிழமைக்கு 25 வீதம் மாற்றினால் அது 40ஐத் தாண்டாமல் அங்கேயே நிற்கும். 50 வீதம் மாற்றினால் 20இல் நிற்கும். 10 வீதம் மட்டும் மாற்றினால் 100 வரை போகும். 40க்குக் கீழ் வைத்திருப்பது சாதாரண மீன்களுக்குப் போதும். ஆகவே 50 லீற்றர் தொட்டியில் கிழமைக்கு 12 அல்லது 13 லீற்றர், கிட்டத்தட்ட ஒரு வாளி.

"மாற்றாதீர்கள், ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்புங்கள்" என்ற கட்சிக்கு நம் கரையோரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கச்சான் காலத்தில் மூடியில்லாத தொட்டியில் மாதம் 10 லீற்றர் ஆவியாகிறது, நிரப்பும் கிணற்றுநீர் 500 டி.டி.எஸ் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். 10 லீற்றரில் வந்த 5,000 மில்லிகிராமும் 50 லீற்றரில் சேர, மாதம் 100 ஏறும். ஆறு மாதத்தில் 500 என்று தொடங்கிய தொட்டி 1,100இல் நிற்கும். மெல்ல ஏறியதால் பழைய மீன்கள் தாங்கிக்கொள்ளும். கடையிலிருந்து புதிதாக வாங்கி விட்ட மீன் மட்டும் இரண்டே நாளில் செத்துப்போகும். உடனே "கடைக்காரன் நோய் மீன் தந்துட்டான்" என்று பழி.

"முழுத் தண்ணீரையும் மாற்று" என்ற கட்சிக்கும் ஒரு குழி உண்டு. பல மாதம் கவனிக்காத தொட்டியில் பிஎச் இறங்கிப்போயிருக்கும். குறைந்த பிஎச்சில் அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பிஎச் ஒன்று ஏறினால் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். அத்தகைய தொட்டியில் 7.8 பிஎச் உள்ள கிணற்றுநீரை ஒரேயடியாக ஊற்றினால், சுத்தம் செய்த அன்றே மீன் சாகும். இப்படிப்பட்ட தொட்டியில் நாளுக்கு 10 வீதமாக ஒரு கிழமை மாற்றி, பிறகுதான் 25 வீதத்துக்குப் போக வேண்டும்.

ஊற்றும் தண்ணீர் தொட்டி நீரோடு 2 பாகைக்குள் ஒத்திருக்கட்டும். குழாய்நீர் என்றால் குளோரின் நீக்கியைப் போத்தலில் போட்டிருக்கும் அளவுக்குப் பாவியுங்கள். அல்லது எயர் பம்ப் ஓடவிட்டு 24 மணித்தியாலம் வாளியில் வையுங்கள். வாளியை வலையால் மூடுங்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் பேச்சு வாங்க வேண்டாம். கிணற்றுக்காரர்கள் "எங்களுக்குக் குளோரின் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்தபின் கிணறுகளை இறைத்துக் குளோரின் போடுவது இங்கே வழக்கம். அந்த நாட்களில் கிணற்றுநீரையும் குழாய்நீர் போலவே நடத்துங்கள்.

பெரிய சண்டை 2: புதுத் தொட்டியில் மீன் விடுவது எப்போது?

"இன்றே விடலாம்" முதல் "ஆறு கிழமை காத்திரு" வரை கேட்கலாம். மேலே சொன்ன பாக்டீரியா குடியேற 4 முதல் 6 கிழமை ஆகும்; இதுதான் சண்டையின் மையம். அடுத்த நாளே மீன் விட்டவருக்கு மீன் சாகாமல் இருந்தால், அவர் பழைய தொட்டியின் பில்டர் ஸ்பொஞ்சைப் பாவித்திருப்பார், அல்லது மிகக் குறைவான மீன் விட்டிருப்பார். அதைச் சொல்ல மறந்திருப்பார்.

செய்யக்கூடிய வழி இது. நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பாவித்த ஸ்பொஞ்ச் ஒன்றை, காயவிடாமல், அதே தொட்டியின் நீரில் வாங்கி வந்து உங்கள் பில்டரோடு வையுங்கள். 50 லீற்றருக்கு மூன்று அல்லது நான்கு கப்பி அல்லது மொலி மட்டும் விடுங்கள். நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. ஒருநாள் விட்டு ஒருநாள் அமோனியாவையும் நைட்ரைட்டையும் டெஸ்ட் கிட்டால் அளந்து பாருங்கள். எதுவாவது 0.5 பி.பி.எம்.ஐத் தொட்டால் 30 வீதம், 1ஐத் தொட்டால் 50 வீதம் தண்ணீர் மாற்றுங்கள். பிஎச் 8க்கு மேல் உள்ள கிணற்றுநீர் என்றால் அமோனியா 0.25இலேயே மாற்றிவிடுங்கள். இரண்டும் தொடர்ந்து ஒரு கிழமை பூச்சியத்தில் நின்றால் அடுத்த மூன்று மீன். பாக்டீரியாப் போத்தல்கள் சில வேலை செய்யும், வெயிலில் கிடந்து செத்த சில வேலை செய்யாது. எது என்பதை டெஸ்ட் கிட் மட்டுமே சொல்லும்.

மழைத்தண்ணீர்தான் சிறந்தது என்ற ஆலோசனையும் இங்கே வந்து சேரும். மழைநீரில் கார்பனேற்று கிட்டத்தட்ட இல்லை. பாக்டீரியா வேலை செய்யும்போது அதைச் செலவழிக்கிறது. தீர்ந்துபோனால் பிஎச் விழும், பாக்டீரியாவும் ஓய்ந்துவிடும். தனி மழைநீர்த் தொட்டி முதல் மாதத்திலேயே சரிவது இதனால்தான். உவர்க்கிணறு உள்ளவர்கள் பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் குறையும் தீரும். கூரையைக் கழுவி வரும் முதல் மழையைப் பிடிக்க வேண்டாம்.

உப்பு

உப்பு மருந்தா நஞ்சா என்ற கேள்விக்கு அளவும் மீனும் தெரியாமல் பதில் இல்லை. நைட்ரைட் ஏறியிருக்கும்போது லீற்றருக்கு 1 கிராம் உப்பு போதும். உப்பிலுள்ள குளோரைட்டு, நைட்ரைட் செவுள்வழி ஏறுவதைத் தடுக்கும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு 2 முதல் 3 கிராம், இரண்டு கிழமை. கப்பி, மொலி தாங்கும். கொறிடோரஸ், நியோன் டெட்ரா, பெரும்பாலான செடிகள் சிரமப்படும். அந்த மீன்களுக்கு நோய் வந்தால் வேறொரு வாளியில் மருத்துவம் செய்யுங்கள். சும்மா, "பாதுகாப்புக்கு" என்று எப்போதும் உப்புப் போட்டு வைப்பதில் பயனில்லை, 1,500 டி.டி.எஸ் கிணற்றுக்காரர் ஏற்கெனவே லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் கரைசலில்தான் மீன் வளர்க்கிறார்.

பிழை நடக்கும் இடம் இரண்டாவது தடவை. 50 லீற்றருக்கு 50 கிராம் போட்டீர்கள். அடுத்த கிழமை 12 லீற்றர் மாற்றும்போது சேர்க்க வேண்டியது 12 கிராம் மட்டும். பலர் மறுபடி 50 போடுவார்கள், நாலாம் கிழமையில் உப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகி, உப்புத் தாங்காத மீன் தள்ளாடும். தேக்கரண்டியை நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுங்கள். அயடின் சேர்த்த கறியுப்பு மீனைக் கொல்லும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த அளவில் அந்த அயடின் மிகச் சொற்பம்.

சிறிய சண்டைகள், சுருக்கமாக

பில்டர் ஸ்பொஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவச் சொன்னால் கேட்காதீர்கள். மாற்றி எடுத்த தொட்டி நீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். கடற்கரை மணல் பாவிக்கலாமா என்றால், ஒரு கரண்டி மணலில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் இருக்கிறது, கடினத்தன்மை ஏறும். ஃபைட்டர் மீன் கோப்பையில் வாழும் என்பது, அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் பிறந்த கதை. 10 லீற்றரும் மூடியும் கொடுங்கள், இல்லையேல் துள்ளி வெளியே விழும். கோல்ட்பிஷ் 50 லீற்றருக்குரிய மீன் இல்லை. பாசி தின்னும் என்று விற்கும் டாங்க் கிளீனர் ஒரு முழத்துக்குக் கிட்ட வளரும், கழிவும் நிறைய. பெருத்துவிட்டதென்று அதைக் குளத்திலோ வாவியிலோ விடாதீர்கள். நாட்டின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவித் தொல்லை தரும் மீன் அது.

ஒன்றைத் தெரிந்தெடுத்துச் சோதிப்பது

முரணான இரண்டு ஆலோசனையில் எது என்று தெரியாதபோது, பிழைத்தால் மீளக்கூடியதை முதலில் எடுங்கள். தீனியைக் குறைப்பது, காற்றுக் கூட்டுவது, 25 வீதம் (பல மாதம் கவனிக்காத தொட்டியென்றால் 10 வீதம்) தண்ணீர் மாற்றுவது ஆகியவை எதையும் கெடுக்காது. மருந்து, பிஎச் மாற்றும் இரசாயனம், பில்டரை முழுதாக மாற்றுவது ஆகியவை திரும்பி வராத பாதை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். தீனியிலோ தண்ணீர் மாற்றும் அளவிலோ செய்த மாற்றத்துக்கு 14 நாள் கொடுங்கள். கொப்பியில் திகதி, செய்தது, அமோனியா, நைட்ரைட், மீனின் நடத்தை என்று ஒரு வரி போதும். இதைச் செய்தால் குழுவில் கேட்கும் கேள்வியே மாறிவிடும்: "50 லீற்றர், ஸ்பொஞ்ச் பில்டர், கிணறு, டி.டி.எஸ் 620, பிஎச் 7.8, தொடங்கி 19 நாள், 6 கப்பி. அமோனியா 0, நைட்ரைட் 1. இன்று காலை 50 வீதம் மாற்றினேன். இரண்டு மீன் மேற்பரப்பில் நிற்கிறது. உப்பு இதுவரை போடவில்லை." இதற்கு நீலப் போத்தல் படம் வராது. 19ஆம் நாளில் நைட்ரைட் 1 என்றால் அதை மாற்றும் பாக்டீரியா இன்னும் முழுதாகக் குடியேறவில்லை என்று தெரிந்தவர் லீற்றருக்கு 1 கிராம் உப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. எல்லா மீனும் ஒன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் எயர் பம்பைக் கூட்டுங்கள். கரண்ட் இல்லையென்றால் குவளையால் தொட்டி நீரையே அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். அறையில் நுளம்புக்கு ஏதாவது அடித்தார்களா என்று பாருங்கள். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை மீனுக்குக் கடும் நஞ்சு, எயர் பம்ப் அதை அறைக் காற்றிலிருந்து இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளும்; அப்படி அடித்திருந்தால் பம்பை நிறுத்திவிட்டுக் குவளையால் ஊற்றுங்கள். பிறகு செத்த மீன், மிஞ்சிய தீனி எல்லாவற்றையும் எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரால் 30 வீதம் மாற்றுங்கள். கவனிக்காமல் விட்ட பழைய தொட்டியென்றால் மணித்தியாலத்துக்கு 10 வீதமாக. 24 மணித்தியாலம் தீனி இல்லை. உப்பும் மருந்தும், அளந்து பார்த்தபிறகு.

மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் எயர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையேல் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய்வழியே திரும்பி ஓடிப் பம்பையும் தரையையும் நனைக்கும். அதைப் பற்றி மட்டும் குழுவில் இருவித அபிப்பிராயம் இல்லை.

அட்டையில் எழுதிய டி.டி.எஸ்ஸையும் பிஎச்சையும் ஐப்பசி மழை பிடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருமுறையும், ஆடி ஆவணி வெயிலில் ஒருமுறையும் திரும்ப அளந்து, பழைய இலக்கத்தை அழிக்காமல் அதன் கீழே எழுதிவையுங்கள்.